ஆற்றைக் கேட்டோம், பவுசர் வந்தது

ஒவ்வொரு வருஷமும் மகாவலிப் பாடம் வரும்போது எனக்குக் கோபம் வந்துவிடும். பாடத்தின் மேல் குற்றமில்லை. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புச் சுவரில் பெரிய இலங்கைப் படம் தொங்குகிறது. அதில் மகாவலி தடித்த நீலக் கோடாக மலையிலிருந்து இறங்கி, வளைந்து நெளிந்து, திருகோணமலைப் பக்கம் கடலில் விழும். நான் குச்சியை வைத்துக் காட்டுவேன். நாட்டிலேயே நீளமான நதி, இதன் தண்ணீரில்தான் அணைகள் நிரம்புகின்றன, நெல் விளைகிறது, ஊரெல்லாம் விளக்கு எரிகிறது, அந்தக் காலத்து அரசர்கள் இதை நம்பித்தான் வாய்க்கால் வெட்டினார்கள் என்றெல்லாம் சொல்லுவேன். பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதிக்கொள்வார்கள். காலையில் எழுந்து, மலையேறி இறங்கித் தண்ணீர்க் கேன் தூக்கிக் கை சிவந்துபோய் வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள். அந்தக் கையால் 'மகாவலி நாட்டின் உயிர்நாடி' என்று எழுதுவதைப் பார்க்கும்போது குச்சியைத் தூக்கி எறியலாம் போலிருக்கும்.

எங்கள் ஆறு அந்தப் படத்தில் இல்லை. பசறைக்கு மேலே, எங்கள் தோட்டத்து உச்சிக் காட்டில் ஊற்றெடுத்து, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயங்களுக்குப் பின்பக்கமாக இறங்கி, ரோட்டுப் பாலத்துக்கு அடியில் நுழைந்து, வேறு ஆறுகளோடு கலந்து, மகியங்கனைப் பக்கம் போய் மகாவலியில் சேர்கிறது. மகாவலிக்கு நாங்களும் தண்ணீர் கொடுக்கிறவர்கள்தான். இதைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். "நம்ம பீலித் தண்ணியா டீச்சர் அங்க போகுது?" என்பார்கள். ஆற்றிலிருந்து குழாய் வைத்து லயத்தடிக்கு இறக்கிவிட்ட தண்ணீருக்கு எங்கள் பக்கம் பீலி என்று பேர். குளிக்கிறது, துவைக்கிறது, கதை பேசுகிறது, சண்டை போடுகிறது எல்லாம் பீலியடியில்தான் நடந்தன. நடந்தன என்றுதான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

பாலத்தில் வைத்திருக்கிற பலகையில் அதன் பெயர் ஏதோ ஒரு 'ஓயா' என்று போட்டிருக்கும். சிங்களத்தில் ஓயா என்றால் சிற்றாறு. சின்ன வயதில் எனக்கு அது தெரியாது. ஓயாமல் ஓடுகிறதால்தான் ஓயா என்று நானாக முடிவு பண்ணி, தம்பிக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். அவன் கொழும்புக்கு வேலைக்குப் போகிற வரைக்கும் அதை நம்பிக்கொண்டிருந்தான். அங்கே கடையில் யாரோ சிரித்தபிறகு போன் எடுத்து என்னைத் திட்டினான். நாங்கள் வாயால் அதை ஓயா என்று சொன்னதே கிடையாது. ஆறு என்றுகூட அதிகம் சொல்வதில்லை. தண்ணி என்போம். "தண்ணிக்குப் போறேன்" என்று ஒருத்தி சொன்னால் ஆற்றுக்குப் போகிறாள் என்று அர்த்தம். "தண்ணி பெருகிருச்சு" என்றால் ஆற்றில் வெள்ளம். தண்ணியும் ஆறும் எங்களுக்கு ஒன்றுதான். இந்த ஒரு சொல்தான் பின்னால் என்னை இந்தப் பாடு படுத்தியது.

எங்கள் ஆட்களைக் கூட்டிவந்து இந்த மலையில் குடிவைத்த காலத்தில், ஆற்றைப் பார்த்துத்தான் லயம் கட்டினார்கள். பழைய தேயிலை ஃபேக்டரியின் சக்கரத்தைச் சுற்றவைத்ததும் அந்த ஆறுதான் என்பார் அப்பா. எங்கள் மாரியம்மனும் ஆற்றிலிருந்துதான் வந்தாள். ஆற்றில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கிவந்து, மஞ்சள் பூசி வேப்பமரத்தடியில் வைத்துக் கும்பிட்டார்கள். இன்றைக்கு அவளுக்குக் கோபுரமும் இரும்பு கேட்டும் வந்துவிட்டன. உள்ளே இருப்பது அதே கல்தான். அதனால் ஆடித் திருவிழாவின் முதல் நாள் அவளை ஆற்றிலிருந்துதான் அழைத்துவர வேண்டும். பித்தளைச் செம்பில் ஆற்றுத் தண்ணீர் எடுத்து, வேப்பிலையும் பூவும் கோபுரமாகச் சுற்றி, கரகம் பாலித்து ஒருவர் தலையில் ஏற்றுவார்கள். கடைசி நாள் அந்தக் கரகத்தை ஆற்றுக்கே கொண்டுபோய்க் குடிவிடுவார்கள். பிறந்த வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பிவைக்கிற மாதிரி.

அப்பாதான் அந்தக் கரகத்தை எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. அப்பாவுக்கு முட்டி தேய்ந்து, லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்துவிட்டபிறகு, போன ஆடியில் அது தம்பியின் தலைக்கு வந்தது.

தம்பி கொழும்பில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறான். எங்கள் பக்கத்துப் பையன்களில் பாதிப் பேர் அப்படித்தான். புடவையை விரித்துக் காட்டுகிற லாவகம் அவனுக்கு நன்றாக வரும், வாயும் கூடவே வரும். அந்த வருமானத்தில்தான் அப்பாவுக்கு மருந்தும் வீட்டுக்கு அரிசியும் நடக்கிறது, என் சம்பளம் வீட்டுக் கடனோடு சரி. திருவிழாவுக்கு லீவு கேட்டபோது முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொடுத்தாராம். "திங்கக்கிழமை காலையில நீ கடையில நிக்கணும். நிக்கலேன்னா ஒன் எடத்துல வேற ஆளு நிப்பான்" என்று சொல்லியே அனுப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கரகம் குடிவிட்டு, சாயங்கால பஸ்ஸில் பதுளைக்கு இறங்கி, அங்கிருந்து கொழும்பு பஸ் பிடித்துவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான்.

அதில் ஒரு முடிச்சு உண்டு. கரகம் எடுக்கிறவருக்கு முதல் நாளே கையில் மஞ்சள் காப்புக் கட்டிவிடுவார்கள். கட்டினால் கட்டினதுதான். கரகத்தைக் குடிவிட்டுக் காப்பை அவிழ்க்கிற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் எல்லை ஆறு. பாலத்தைத் தாண்டினால் அடுத்த தோட்டம். அதனால் கரகம் குடிவிட முடியாமல் போனால், தம்பி இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான், வேலையும் போனதுதான்.

முன்பெல்லாம் இதை யாரும் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை. ஆறு ஓடும், கரகம் போகும், அவ்வளவுதான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கம்பெனி வந்து, லயங்களுக்கு மேலே ஆற்றில் சின்ன அணை கட்டியது. கரண்ட் எடுக்கப்போகிறோம் என்றார்கள். கோயில் முன்னால் கூட்டம் போட்டு, எல்லோருக்கும் பணிஸும் டீயும் கொடுத்து, ஒரு வாக்கும் கொடுத்தார்கள். "ஒரு சொட்டுக்கூடக் குறையாது. எடுக்கிற தண்ணீரை அப்படியே ஆற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவோம்."

பொய் சொல்லவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு சொட்டும் குறையவில்லை. மேலே அணையில் எடுத்த தண்ணீர் தடித்த பைப்பில் அக்கரையோடு இறங்கி, பாலத்துக்குக் கீழே இருக்கிற பவர்ஹவுஸில் மிஷினைச் சுற்றிவிட்டு, அங்கே ஆற்றுக்குள் கொட்டுகிறது. மகாவலிக்குப் போய்ச் சேர வேண்டியது போய்ச் சேர்ந்துவிடுகிறது. மேலே எடுக்கிறார்கள், கீழே விடுகிறார்கள், நடுவில் இருப்பது நாங்கள். மழைக் காலத்தில் அணைக்கு மேலால் வழிந்துவந்துவிடும், தெரியாது. ஆடிக் காற்றில் மலையே காய்ந்துகிடக்கும்போதுதான் தெரியும். ஆற்றுக்கென்று அணையில் ஒரு சின்ன ஓட்டை வைத்திருக்கிறார்கள். அதைச் சருகு அடைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பலகை அடைத்துக்கொள்ளும். கேட்டால் விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம் என்பார்கள். பெண்கள் போய்க் கேட்டார்கள், தொழிற்சங்கத் தலைவர்மார் போய்க் கேட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. எங்களுக்கு விடாவிட்டாலும் அம்மனுக்காவது விடுவார்கள் என்றுதான் எல்லோரும் அந்தத் திருவிழாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருதடவை திறந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திட்டமும் இருந்தது.

கரகம் பாலித்த அன்று, ஆற்றுப் பாறைக் குழியில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கியிருந்தது. செம்பில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். ஆனால் குடிவிடுவதற்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும். பூசாரி எங்கள் வாசலில் நின்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஓடுற தண்ணியில விட்டாத்தான் ஆத்தா போவா. தேங்குன தண்ணியில விட்டா இங்கயே நின்னுருவா."

"நிக்கட்டுமே. லயத்துல ஒரு காம்பரா குடுத்துருவோம்" என்றான் தம்பி, கையில் காப்போடு.

பூசாரி அவனைப் பார்த்த பார்வையில் அப்பா இஸ்தோப்பிலிருந்தே காதைப் பொத்திக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் குழியும் வற்றிப்போனது. தம்பி வந்து வாசலில் நின்றான். "என்னக்கா, ஒன் ஓயா ஓஞ்சிருச்சே" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளியிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கிறான் என்பது எனக்குத் தெரியும்.

கம்பெனியிடம் பேச என்னைத்தான் அனுப்பினார்கள். டீச்சருக்குச் சிங்களம் வரும், டீச்சர் பேசினால் மரியாதை இருக்கும் என்று கோயில் தலைவர் சொன்னார். அவரும் கூட வந்தார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. பவர்ஹவுஸ் பக்கத்து அலுவலகத்தில் இருந்த இன்ஜினியர் சின்ன வயதுக்காரர், நல்ல பிள்ளை. நாற்காலி போட்டு உட்காரவைத்தார், பிளேன்டீ கொடுத்தார். நான் சிங்களத்தில், எனக்குத் தெரிந்த அழகான சிங்களத்தில், ஞாயிற்றுக்கிழமை கோயில் பூஜை, பாலத்தடியில் எங்களுக்கு 'வத்துர' வேண்டும் என்றேன். வத்துர என்றால் தண்ணீர். அவர் யோசிக்கக்கூட இல்லை. "அதற்கென்ன டீச்சர், பூஜைக்குத்தானே? எத்தனை மணிக்கு வேண்டும்?" என்று கேட்டார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷம் இத்தனை பேர் கேட்டு நடக்காதது, நான் ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் நடந்துவிட்டதே! திரும்பி வரும்போது தலைவர் வழியெல்லாம் என்னைப் புகழ்ந்தார். வீட்டுக்கு வந்து தம்பியிடம், "நீ துணியை மடிச்சு பையில வை, ஞாயித்துக்கிழமை தண்ணி வருது" என்றேன்.

"நெசமாவா? ஒடனே ஒத்துக்கிட்டாங்களா?"

"கேக்கிற மாதிரி கேக்கணும்டா."

"அக்கான்னா அக்காதான்" என்று காலைத் தொட வந்தான். கையைத் தட்டிவிட்டேன். உள்ளே பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரகம் புறப்பட்டது. மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, தலையில் பூக்கோபுரம். தப்பு முழங்க, பெண்கள் குலவை போட, லயம் லயமாக நின்று பூஜை வாங்கிக்கொண்டு தம்பி இறங்கிவந்தான். அப்பாவை இரண்டு பேர் தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். நான் முன்னால் ஓடினேன். தண்ணீர் வருகிற சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே ஓடினேன். காற்றுச் சத்தம்தான் கேட்டது.

பாலத்தின் மேல் ஒரு நீலத் தண்ணீர் பவுசர், டாங்கி வைத்த லொறி, நின்றுகொண்டிருந்தது. முன்பக்கக் கண்ணாடிக்கு மேலே மாலை வேறு போட்டிருந்தார்கள். டிரைவர் கீழே இறங்கி, ஒரு ரப்பர் குழாயைக் கையில் சுற்றிவைத்துக்கொண்டு, பவ்வியமாக நின்றார். "டீச்சர், இன்ஜினியர் மாத்தயா அனுப்பினார். பூஜைத் தண்ணீர். எங்கே விடட்டும்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

கீழே ஆறு காய்ந்துகிடந்தது. வெள்ளைக் கல், காய்ந்த பாசி, யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.

அந்த மனிதரைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. அவர் என்ன செய்வார்? இன்ஜினியர்தான் என்ன செய்வார்? வறட்சிக் காலத்தில் தோட்டத்துக்குப் பவுசர் வருவது அவர் பார்த்துப் பழகிய விஷயம். தண்ணீர் வேண்டும் என்று கேட்டார்கள், தண்ணீர் அனுப்பியிருக்கிறார், மாலையும் போட்டு. ஆற்றைத் திற என்று நான் சொல்லவே இல்லையே! தண்ணி என்று சொன்னாலே ஆறுதான் என்று உலகத்தில் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, எங்கள் லயத்துப் பேச்சைச் சிங்களத்தில் பேசிவிட்டு வந்திருக்கிறேன். படித்தவளாம், டீச்சராம்!

இன்ஜினியருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அதற்குள் கரகம் பாலத்தடிக்கு வந்துவிட்டது. தலைவர் என் பக்கத்தில் வந்து, "இதயும் தொறந்து விட்டா ஓடத்தானே செய்யும்? ஓடுற தண்ணிதானே?" என்று மெல்லக் கேட்டார். பூசாரி டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

டிரைவர் குழாயை ஆற்றுக்குள் போட்டுத் திறந்தார். தண்ணீர் பாய்ந்தது. தப்படிக்கிறவர்கள் வேகமாக அடித்தார்கள். கல்லுக்கு மேல் விழுந்த தண்ணீர், ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்குக்கூட ஓடவில்லை. கல் இடுக்கில் நுழைந்து அப்படியே காணாமல் போனது. பவுசர் பாதி காலியாகிற வரைக்கும் விட்டுப் பார்த்தோம். ஆறு குடித்துக்கொண்டே இருந்தது. தப்புச் சத்தம் தானாகத் தளர்ந்து நின்றுபோனது.

"இந்தத் தண்ணீரை எங்கே பிடித்தீர்கள்?" என்று டிரைவரிடம் சிங்களத்தில் கேட்டேன்.

"பவர்ஹவுஸ் கிட்ட, டீச்சர். ஆற்றில்தான். நல்ல தண்ணீர்" என்றார்.

தலையில் கரகத்தோடு நின்ற தம்பிக்கு அது காதில் விழுந்துவிட்டது. சிரித்துவிட்டான். பூக்கோபுரம் ஆடியது. "நம்ம ஆத்தையே நமக்கு பவுசர்ல அனுப்பியிருக்காங்கக்கா" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "டேய், கரகம் ஆடுது, நேரா நில்லு" என்றார். அப்போதுதான் அவன் கழுத்து நரம்பு புடைத்திருப்பதைப் பார்த்தேன். கோயிலிலிருந்து எடுத்த கரகத்தைக் குடிவிடாமல் தரையில் இறக்கக் கூடாது. வெயிலில் எவ்வளவு நேரம் நிற்பான்? பசறையிலிருந்து சாயங்கால பஸ்ஸை விட்டால் திங்கட்கிழமை கடை இல்லை.

"கீழ பவர்ஹவுஸ்ல ஓடுதே, அங்க கொண்டுபோய் விடுவோமே" என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள்.

"பாலத்தத் தாண்டுறதா? காப்புக் கட்டுனவன் எல்லை தாண்டலாமா?" என்று பூசாரி சத்தம் போட்டார். எங்கள் பக்கமாகவே இறங்கிப் போகலாமென்றால், பாலத்துக்குக் கீழே செங்குத்துப் பாறை, ஆடுகூட இறங்காது. ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். திரும்பக் கோயிலுக்கே கொண்டுபோவோம், மழை வரும்வரைக்கும் அங்கேயே இருக்கட்டும் என்றார் ஒருவர். மழை எப்போது வரும்? ஐப்பசியில். அதுவரைக்கும் என் தம்பி காப்போடு லயத்தில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

எனக்கு எங்கிருந்து அப்படி வந்ததோ தெரியாது, கத்திவிட்டேன். "எல்லை எல்லைங்கிறீங்களே, எது எல்லை? ஆறுதானே எல்லை? ஆறு எங்க இங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்! ஆறு பைப்புல ஏறிப் போயிருச்சு. அப்ப எல்லையும் பைப்போடதான் போயிருச்சு. ஆறு எங்க விழுதோ அதுவரைக்கும் நம்ம எல்லைதான். எடுங்க, நடங்க!"

பூசாரி ஆற்றைப் பார்த்தார், அக்கரையில் இறங்குகிற கறுப்புப் பைப்பைப் பார்த்தார். நான் சொன்னதில் சாஸ்திரம் எதுவும் இல்லை, வெறும் ஆத்திரம்தான். தப்புக்காரர்களில் ஒருவர் மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். தம்பி பாலத்தின் மேல் காலை வைத்தான்.

பைப்போடு சேர்ந்தே நடந்தோம். உள்ளே தண்ணீர் ஓடுகிற இரைச்சல் கேட்டது. சில கிழவிகள் போகிற வழியில் பைப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் நான் என்ன சொல்ல முடியும்? ஆறு அதற்குள்தான் இருக்கிறது என்று சொன்னவளே நான்தானே.

பவர்ஹவுஸ் அடியில் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு வந்தது. என்ன தண்ணீர்! எங்கள் பீலியடியில் ஓடிய அதே தண்ணீர், அதே சில்லிப்பு. பூசாரி கரகத்தை வாங்கி, கற்பூரம் காட்டி, செம்பைக் கவிழ்த்தார். பூவும் வேப்பிலையும் சட்டென்று இழுத்துக்கொண்டு போய்விட்டன. பெண்கள் குலவை போட்டார்கள். தம்பியின் கையிலிருந்து காப்பை அவிழ்த்தார்கள். அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் குடித்தான். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். பஸ் கிடைத்துவிடும்.

சத்தம் கேட்டு இன்ஜினியர் வந்தார். பவுசர் உதவியதா என்று கேட்டார். தலைவர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் நடந்ததையெல்லாம் சொன்னார், நான் ஆறு இங்கேதான் இருக்கிறது என்று சொன்னதையும் சேர்த்து. இன்ஜினியருக்கு ஒரே சந்தோஷம். "நல்ல இடம்தானே டீச்சர்! அடுத்த வருஷத்துக்குள் இங்கே படி கட்டித் தருகிறேன். லைட்டும் போடலாம்" என்றார். தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. ஆனால் தம்பியை பஸ் ஏற்ற வேண்டும், நேரமாகிவிட்டது.

அவன் திங்கட்கிழமை காலையில் கடையில் நின்றான்.

இன்ஜினியர் சொன்ன சொல் தவறவில்லை. தை மாதத்துக்குள் பவர்ஹவுஸ் அடியில் சீமெந்துப் படி, கைப்பிடி, லைட் எல்லாம் வந்துவிட்டன. மூன்று மொழியிலும் பலகை போட்டிருக்கிறார்கள், தமிழில் பிழை இல்லாமல். கோயிலில் கூட்டம் வைத்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதற்குப் பிறகு அணை ஓட்டையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தலைவரிடம் பேச்செடுத்தால், "சாமி காரியம் நல்லபடியா ஆயிருச்சே டீச்சர், இன்னும் என்னத்துக்கு அவங்களப் போய்த் தொந்தரவு பண்ணிக்கிட்டு?" என்கிறார். சாமி காரியம் ஆகிவிட்டதாம். சட்டி கழுவுகிற காரியம், பிள்ளையைக் குளிப்பாட்டுகிற காரியமெல்லாம் யார் காரியம்?

இந்த ஆனியில் பீலி சொட்டக்கூட இல்லாமல் நின்றுபோனதும், நானே தனியாகப் போனேன். இந்தத் தடவை சொற்களை ஒன்றொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனேன். பவுசர் வேண்டாம், பூஜைக்கு வேண்டாம், அணையில் இருக்கிற ஓட்டையைத் திறந்து லயத்தடி ஆற்றில் தண்ணீர் ஓடவிட வேண்டும் என்றேன். அவர் வழக்கம்போல நாற்காலி போட்டார், பிளேன்டீ கொடுத்தார். வருத்தமாகத்தான் சொன்னார். "டீச்சர், நீங்களேதானே சொன்னீர்கள், ஆறு இப்போது பைப்பில் இருக்கிறது, இங்கே விழுகிற இடம் வரைக்கும் உங்கள் எல்லை என்று? கோயில் ஆட்களும் ஒத்துக்கொண்டார்கள். மேலிடத்தில் கேட்டார்கள், நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அதை வைத்துத்தான் படிக்கே அனுமதி கிடைத்தது."

பிளேன்டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் தம்பி போன் எடுத்தான். நடந்ததைச் சொன்னேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். அவன் முழுதும் கேட்டான். பிறகு, "ஏன்க்கா, என்னய பஸ் ஏத்துறதுக்கு ஆத்தயே தூக்கிக் குடுத்துட்டியா?" என்றான். எப்போதும் போலக் கிண்டலாகத்தான் கேட்டான்.

"வாய மூடுடா. ஒன் வேல போயிருந்தா இந்நேரம் அப்பாவுக்கு மருந்து யாரு வாங்குறது?" என்று கத்தினேன். அவன் என்னைக் கத்தவிட்டான். மூச்சு வாங்கி நான் நிறுத்தினபிறகு பேசினான். குரலில் கிண்டல் இல்லை.

"இந்த ஆடிக்கும் நாந்தானே கரகம் எடுக்கணும்?"

"ஆமா."

"எடுக்கிறேன். பாலத்தடியில வந்து நிப்பேன். அதுக்கு அங்கிட்டு காலு வைக்க மாட்டேன். காப்புக் கட்டுனவன் எல்லை தாண்டக் கூடாதில்ல? ஆறு வந்து எடுத்துக்கிட்டுப் போகட்டும். நா எறக்க மாட்டேன்."

"திங்கக்கிழமை?" என்றேன்.

"முதலாளி வேற ஆளு பாத்துக்குவாரு."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். இஸ்தோப்பில் அப்பா முட்டியைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மருந்துச் சீசா ஜன்னலில் பாதி இருந்தது. வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு கையிலும் கேனைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனாள்.

"வாடா" என்றேன்.